சுவருக்குள் போகும் காசு: டிரெய்லர் கேரவன் வாங்குமுன்

எங்கள் பக்கத்தில் கேரவன் என்றாலே சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் தென்னந்தோப்பு ஓரமாக நீளமாய் ஒரு வண்டி நின்று, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால், உள்ளே யாரோ நடிகர் இருக்கிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேரள அரசு 2021 செப்டம்பரில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, 2022-இல் வாகமணில் முதல் கேரவன் பார்க்கைத் திறந்த பிறகு, இந்தச் சொல் சாதாரணக் குடும்பங்களின் பேச்சுக்குள்ளும் வந்துவிட்டது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் சிலர் இப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன கேரவன் வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு போடலாம்?

என்னிடம் கேட்கக் காரணம், நான் ஒன்றை வாங்கிப் பட்டவன். பழைய வண்டி, 10 அடி நீளம், இரண்டு லட்சத்துச் சொச்சம். உள்ளே போனால் கண்ணைப் பறிக்கும்: தேக்கு நிறச் சன்மைக்கா, எல்.இ.டி. விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜ், மெத்தைக்கு அடியில் டிராயர். ஜனவரியில் வாங்கினேன். ஜூலையில் நெல்லியாம்பதி அடிவாரம் வரை இழுத்துப் போய் இரண்டு நாள் தங்கினோம். இரண்டு நாளும் மழை. திரும்பி வந்த மறுவாரம் ஜன்னலுக்குக் கீழே சன்மைக்கா லேசாக உப்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. சன்மைக்காவை உரித்துப் பார்த்தால், பிளைவுட் இருக்க வேண்டிய இடத்தில் ஊறிய புண்ணாக்கு மாதிரி கறுப்பாக ஒரு பொருள். கையில் எடுத்தால் பிசைய வந்தது. அந்த ஈரம் எனக்கு முன்னால் இரண்டு மூன்று மழைக்காலமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விற்றவர் அதன்மேல் புதுச் சன்மைக்கா ஒட்டி விற்றிருந்தார். சரிசெய்ய 90 ஆயிரம் ஆயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. இந்த வண்டிகளில் விலை வித்தியாசத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கும் இடம் எல்லாம் மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடம். கூரையின் மூட்டு, சுவரின் உள்பலகை, அடிச்சட்டமான சேசிஸின் வெல்டிங், சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில். விற்பவர் காட்டுவதோ எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஃப்ரிட்ஜையும் விளக்கையும்.

நம் ஊரில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. கோவையில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. கேரளத்தின் ஆண்டு சராசரி கிட்டத்தட்ட 3,000. நடுவில் இருப்பது எல்லை ஊரான வாளையார். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரே வண்டி வறண்ட காற்றிலிருந்து ஈரக் காற்றுக்குள் போகிறது. நாம் இருக்கும் கிழக்கு ஓரம் மழை மறைவு. இங்கே நிற்கும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மூட்டுகள் காய்ந்து விரிந்து, ஜூனில் மேற்கே போகும்போது அந்த விரிசலில் தண்ணீர் இறங்கும். தொடர்ந்து மழையிலேயே நிற்கிற வண்டியில் ஒழுகல் சீக்கிரம் தெரிந்துவிடும். நம் வண்டியில் அது தெரியவே ஒன்றிரண்டு வருடம் ஆகும்.

வீடும் ஒழுகத்தான் செய்கிறது, இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். வீடு ஆடுவதில்லை. டிரெய்லர் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் குலுங்குகிறது, சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்கு மேலே சுவருக்கும் கூரைக்கும் போகிறது. அது போதாதென்று வெயில். 4 மீட்டர் நீள அலுமினியத் தகடு, இரவில் 25 டிகிரியில் இருந்து மதிய வெயிலில் 65 டிகிரிக்குச் சூடானால், கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் நீளும். அதே நீளத்துக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் அதே சூட்டில் 2 மில்லிமீட்டர்கூட நீளாது. வித்தியாசத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் ரிவெட்டும் அதைச் சுற்றிய பசையும். தினமும் ஒரு தடவை இழுத்து ஒரு தடவை விட்டால், எந்தப் பசையும் ஒருநாள் விரிசல் விடும். அது எப்போது என்பதில்தான் நல்ல வண்டிக்கும் மட்ட வண்டிக்கும் வித்தியாசம்.

டிரெய்லர் உடம்பைக் கட்டும் வழிகள் பொதுவாக மூன்று. அமெரிக்காவில் இந்தத் தொழிலின் தலைநகர் இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட். அந்நாட்டு வண்டிகளில் பெரும்பகுதி அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாராகிறது. முதல் வழி, அங்கே விலை குறைந்த வண்டிக்குச் செய்யும் பழைய முறை: மரச்சட்டம் அடித்து, இடையில் பஞ்சு அடைத்து, வெளியே நெளிநெளியான அலுமினியத் தகடு. மலிவு, பட்டறைக்காரர் எவரும் ஒரு தகட்டைக் கழற்றி உள்ளே பழுது பார்க்கலாம். ஆனால் மூட்டுகள் அதிகம், ஒவ்வொரு மூட்டும் தண்ணீருக்கு வாசல்.

இரண்டாவது, ஒட்டுப் பலகை முறை. வெளியே வழவழப்பான ஃபைபர் ஷீட், அதற்குப் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் தெர்மகோல் அல்லது பஃப் என்ற நுரைப் பலகை, உள்ளே இன்னொரு ஷீட். எல்லாவற்றையும் பசை வைத்து அழுத்தி ஒரே பலகையாக்கிவிடுவார்கள். பார்க்க அழகு, எடை குறைவு, வெயிலுக்கும் நல்லது. இதன் கெட்ட குணம், ஒரு மூலையில் தண்ணீர் புகுந்தால் உள்ளேயே பரவும். பிளைவுட் உப்பி, வெளி ஷீட் பசை விட்டு, பூரி மாதிரி எழும்பும். அந்தச் சுவரைக் கழற்றித் திருத்த வழியில்லை, முழுச் சுவரையும் மாற்ற வேண்டும். அதனால்தான் விலை கூடிய தயாரிப்பாளர்கள் சிலர் பின்பலகையில் மரத்தையே எடுத்துவிட்டு, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கும் கண்ணாடி நாரும் சேர்ந்த பலகையைப் போடுகிறார்கள். அது தண்ணீர் குடிக்காது. இந்த ஒரு மாற்றத்துக்காகக் கூடுதலாகக் கேட்கப்படும் காசு, என் கணக்கில், கேட்கும்போதே கொடுத்துவிட வேண்டிய காசு.

மூன்றாவது, அச்சில் வார்த்த ஃபைபர் கூடு. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டே துண்டு. சிப்பியை மூடுவது போல மூடி, இடுப்பளவில் ஒரே மூட்டு. கனடாவின் வின்னிபெக்கில் 1968-இல் வந்த போலர் என்ற சின்ன டிரெய்லர் இந்த வகைக்குப் பேர்போனது. அதில் பல இன்றும் ஓடுகின்றன. இதற்கான கைப்பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். கொல்லம் முதல் குளச்சல் வரை கடற்கரையில் ஃபைபர் வள்ளம் செய்பவர்கள் தினமும் செய்வது இதே வேலைதான்: அச்சில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சைப் பூசி, கண்ணாடி நார் மேட் விரித்து, ரெசினை உருளையால் தேய்த்துக் காற்றுக் குமிழியை வெளியேற்றுவது. கடலில் நிற்கிற பொருள் சாலை மழைக்குத் தாங்காதா? தாங்கும். ஆனால் அச்சு செய்யவே பெரும் செலவு, அதனால் மாதிரிகள் குறைவு, அளவு சின்னது, விலை அதிகம். வாரத்துக்கு ஒருமுறை போவதானால் கொடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் டிசம்பரிலும் மே மாதத்திலும் மட்டும் என்றால், அவ்வளவு காசை நிறுத்தி வைக்க நான் சொல்லமாட்டேன்.

இங்கே ஆர்டர் கொடுத்துக் கட்டுவோர் பலர் போவது பஸ் பாடி கட்டும் கைகளிடம். கரூர் அதற்குப் பேர்போன ஊர். அங்கே தொழில் கற்று இப்போது பொள்ளாச்சி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரிதான் என் வண்டியைத் திருத்தினார். அழுகிய பலகையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தம்பி, பலகைய பழிக்காதீங்க. எந்தப் பலகையப் போடோணும்னு தெரியாம போட்டிருக்காங்க."

"எல்லாம் பிளைவுட்தானுங்களே அண்ணா?" என்றேன்.

இரண்டு துண்டை வெட்டிக் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போய் அடுப்புல வேக வைங்க. அப்புறம் பேசலாம்."

ஒரே பருமன், ஒரே நிறம், பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்றில் ஐ.எஸ். 303, எம்.ஆர். என்று இந்தியத் தர முத்திரை, அதாவது ஈரம் தாங்கும் ரகம்; இன்னொன்றில் ஐ.எஸ். 710. பழைய அலுமினியப் பாத்திரத்தில் இரண்டையும் போட்டுக் கொதிக்க விட்டேன். எம்.ஆர். துண்டின் ஓரம் முதலில் விரிந்தது, புத்தகத் தாள் ஈரத்தில் பிரிவது போல ஒவ்வொரு அடுக்காக. மாலையில் எடுத்தபோது அது தனித்தனித் தகடு. நகத்தால் உரிக்க முடிந்தது. 710 துண்டு நிறம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். சுவரில் தட்டினேன், டொக்கென்று கட்டை ஒலி வந்தது.

காரணம் பசை. எம்.ஆர். ரகத்துக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு; வீட்டுக்குள் அலமாரிக்குப் போதும், கொதிநீரில் கரைந்துவிடும். மெரைன் பிளை எனப்படும் 710-க்கு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. அதன் தரச் சோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுப்பது. கேரளத்தில் பிளைவுட்டுக்குப் பெரும்பாவூர்தான் ஊர், இரண்டு ரகமும் அங்கே கிடைக்கும். 10 அடி வண்டிக்கு எட்டுக்கு நாலு ஷீட் பத்து ஆகும். 320 சதுர அடி. சதுர அடிக்கு 50 ரூபாய் கூடினாலும் மொத்த வித்தியாசம் 16 ஆயிரம். நான் பழுதுக்குக் கொடுத்தது 90 ஆயிரம். ஆர்டர் கொடுக்கும்போது "மெரைன் பிளை" என்று வாயால் சொன்னால் போதாது. ஷீட் வந்து இறங்கும் நாளில் பட்டறைக்குப் போய் ஒவ்வொன்றிலும் முத்திரையைப் பார்க்க வேண்டும். மேலே சன்மைக்கா ஒட்டிவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது. வெட்டிய ஓரங்களிலும் திருகு போடும் துளைகளிலும் ரெசினோ பெயின்ட்டோ பூசச் சொல்லுங்கள், தண்ணீர் ஏறுவது எப்போதும் ஓரத்தில்தான்.

அடுத்தது பசையும் தகடும். கண்ணாடிக் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானை எல்லா மூட்டிலும் இழுத்துவிடுவது மலிவான பட்டறைகளின் பழக்கம். புதிதில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது விரிசல் விட்ட பிறகு அதன்மேல் புதுப் பசை எதுவும் ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்தால்தான் மறுவேலை. பஸ் முன்கண்ணாடிக்குப் போடும் பாலியூரிதேன் பசை, தகட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை, இரண்டும் சேர்ந்தால் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். ஒரு வண்டிக்கு இதில் கூடும் செலவு சில ஆயிரம்தான். இன்னொன்று, இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை நேராக வைத்து ரிவெட் அடித்தால், நடுவில் ஈரம் சேரும்போது அலுமினியம் அரித்துப் பொடியாகும். ஆலப்புழை, வர்க்கலை என்று உப்புக் காற்றுப் பக்கம் போகிறவர்களுக்கு இது வேகமாக நடக்கும். நடுவில் ஒரு ரப்பர் பட்டையோ டேப்போ போதும். அந்தச் சின்ன வேலையைச் செய்திருக்கிறாரா என்று பார்த்தே கட்டியவரின் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

கூரையில் எத்தனை ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஏ.சி., காற்றுப்போக்கி, சோலார் தகடு, ஏணி, ஒவ்வொன்றும் ஒழுகலுக்கு ஒரு வாய்ப்பு. நான் என் வண்டியில் ஏணியைக் கழற்றி அடைத்துவிட்டேன். கூரை தட்டையாக இருந்தால் நடுவில் தண்ணீர் தேங்கும். நம் வீட்டு மொட்டை மாடிக்கு வாட்டம் விடுவது போல இதற்கும் வாட்டம் வேண்டும்.

சரி, அடிப்பாகம். இங்கே கேள்வி எடை. எடையைக் குறைத்தால் சின்னக் கார் இழுக்கும், டீசல் மிச்சம். ஆனால் எடையைக் குறைக்க மெல்லிய குழாயால் சேசிஸ் செய்தால் முறுக்கு கூடும், மேலே மூட்டு பிரியும். நீர், மின்சாரம், சமையல் எல்லாம் எடைதான். 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் 100 கிலோ. வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 வரும். இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். ஆயுள் கெடாமல் அதில் பாதியைத்தான் எடுக்க முடியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 100 ஏ.ஹெச். 12 கிலோ அளவில் முடிந்துவிடும், பெரும்பகுதியை எடுக்கலாம். விலை கூடினாலும், உள்ளே போடும் பொருட்களில் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டியது இது ஒன்றுக்குத்தான் என்பது என் முடிவு. 5 கிலோ சின்னச் சிலிண்டர் ஒரு வாரச் சமையலுக்குத் தாராளம்.

காலி எடைக்கும் ஆக்சில் தாங்கும் எடைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கட்டாயம் கேளுங்கள். காலியாகவே 850 கிலோ இருக்கும் வண்டிக்கு 1,000 கிலோ ஆக்சில் போட்டிருந்தால், தண்ணீரும் படுக்கையும் பாத்திரமும் ஏறிய பிறகு எதுவும் மிச்சமில்லை. இதில் ஏமாற்றுவது சுலபம், விலைப்பட்டியலில் ஆக்சில் ரகம் எழுதுவதில்லை. எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்; கொப்பரையும் நெல்லும் எடை போடும் மேடை நம் பக்கத்தில் எத்தனையோ இருக்கிறது.

எடை எங்கே உட்காருகிறது என்பது இன்னும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில், அதாவது காரின் பின்புறத்தில், விழ வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு; ஐரோப்பிய வண்டிகள் இதைவிடக் குறைவாக வைக்கின்றன. பின்னால் பாரம் கூடிவிட்டால் முன்பக்கம் தூக்கி, வண்டி பாம்பு மாதிரி நெளியும். பாலக்காட்டுக் கணவாயில் இது விளையாட்டல்ல. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அங்கே எவ்வளவு காற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் வேலந்தாவளம் பக்கம் வடக்கு தெற்காகப் போனால் மேற்கிலிருந்து காற்று பக்கவாட்டில் மோதும். உயரமான, பின்பாரமான வண்டியை அந்த நேரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உயரம் குறைந்த வண்டி, நடுவில் தண்ணீர்த் தொட்டி, இதற்குக் காசே வேண்டாம், வரைபடம் போடும்போதே யோசித்தால் போதும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு டிரெய்லரில் தனி பிரேக் இல்லாமல் நான் சம்மதிக்கமாட்டேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒரு டன் பின்னாலிருந்து தள்ளினால் கார் பிரேக் எரிந்துவிடும். உண்மையைச் சொன்னால், அந்தச் சாலைக்கு 10 அடிக்கு மேல் எதையும் இழுத்துப் போகக் கூடாது. பெரிய வண்டியை மலிவாகக் கட்டுவதைவிடச் சின்ன வண்டியை நன்றாகக் கட்டுவது நம் சாலைகளுக்குப் பொருந்துவது இதனாலும்தான்.

பதிவு விஷயம் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர் தனி வாகனம். அதற்கென்று தனிப் பதிவு எண் வேண்டும். அந்த மாதிரியை அங்கீகரிக்கும் வகைச் சான்று இல்லாமல் பட்டறையில் கட்டிய வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும், எண் இல்லையென்றால் சாலையில் இழுக்க முடியாது, விபத்தானால் இன்சூரன்சும் வராது. முன்பணம் கொடுக்குமுன் அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். தயங்குகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் வெயில் காலத்தில் பார்க்கப் போகாதீர்கள், ஆகஸ்டில் போங்கள். உள்ளே நுழைந்ததும் மூக்குதான் முதல் கருவி. பூஞ்சை வாடையை மறைக்க ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தால் அதுவே பதில். ஜன்னலின் கீழ் மூலைகள், கூரை சுவரைத் தொடும் கோடு, படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டி, சக்கரத்துக்கு மேல் வளைவு, இந்த நான்கு இடத்திலும் கட்டை விரலால் அழுத்துங்கள். வெளியே வந்து, சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் சுவரோடு கன்னத்தை வைத்து நீளவாக்கில் பாருங்கள். உப்பல் இருந்தால் நிழல் விழும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஆறேழு வருடம் ஆனதை, பட்டை எவ்வளவு ஆழம் இருந்தாலும், விலையில் கழித்துப் பேசுங்கள். புதுச் சன்மைக்காவைக் கண்டால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன்.

என் வண்டி இப்போது மெரைன் பிளையும் பாலியூரிதேனும் போட்டு மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் மே கடைசி வாரம், இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஏணி வைத்துக் கூரை மேலே ஏறி, மூட்டு மூட்டாக விரல் ஓட்டிப் பார்க்கிறேன். போன வருடம் காற்றுப்போக்கியின் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. ஒரு டியூப் பசையில் முடிந்தது.